யூஎக்ஸ் டிசைன்: முதல் ப்ராஜெக்டைத் தொடங்கி முடிப்பது வரை

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரே மாதிரியான விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. விமானம் நல்லபடியாகத் தரையிறங்கிவிடும். அதன்பிறகு விமானி சக்கரங்களை உள்ளே இழுத்துவிடுவார். விமானம் வயிறு தரையில் படிய உட்கார்ந்துவிடும். அறிக்கைகளில் 'விமானியின் பிழை' என்று எழுதினார்கள். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானியின் அறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தார். சக்கரத்துக்கான சுவிட்சும் இறக்கையின் பின்விளிம்பில் இறக்கி ஏற்றும் மடிப்புக்கான (ஃபிளாப்) சுவிட்சும் அருகருகே, ஒரே வடிவத்தில் இருந்தன. களைத்த கை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தட்டியிருக்கிறது. ஒன்றின் முனையில் சின்னச் சக்கரமும் இன்னொன்றின் முனையில் ஆப்பு போன்ற துண்டும் மாட்டினார்கள். தொட்டாலே எது எதுவென்று தெரிந்தது, குழப்பம் தீர்ந்தது.

போர் முடிந்தபின் 1947-ல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்டு ஜோன்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இப்படி 'விமானியின் பிழை' என்று முத்திரை குத்தப்பட்ட 460 நிகழ்வுகளை அலசினார்கள். கருவிகளின் அமைப்பை மாற்றினால் இவற்றில் பலவற்றைக் குறைக்க முடியும் என்று காட்டினார்கள்.

யூஎக்ஸ், அதாவது பயனர் அனுபவ வடிவமைப்பு, படிக்க வருகிறவர்கள் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இதைத்தான். உங்கள் ஆப்பில் ஒருவர் தப்பான பட்டனைத் தட்டினால், குறையை முதலில் ஸ்க்ரீனில் தேடுங்கள். 'பயனருக்குப் புரியவில்லை' என்று ஒரு டிசைனர் சொன்னால் அவர் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால், மற்ற நுணுக்கங்கள் எல்லாம் கற்கக் கற்க வந்துவிடும்.

யூஎக்ஸ், யூஐ: சுருக்கமாக

1993-ல் ஆப்பிளில் சேர்ந்த டொனால்டு நார்மன் தன் பதவிப் பெயரிலேயே 'பயனர் அனுபவம்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார். பெட்டியைத் திறப்பதிலிருந்து, கருவியை இயக்குவது, உதவிக்கு அழைப்பது வரை எல்லாமே ஒரே அனுபவம் என்பது அவர் பார்வை. ஸ்க்ரீனில் கண்ணுக்குத் தெரியும் நிறம், எழுத்து, பட்டன் ஆகியவை யூஐ (பயனர் இடைமுகம்). ஒருவர் ஏன் அந்த ஸ்க்ரீனுக்கு வந்தார், வந்த வேலை முடிந்ததா, முடிந்தபோது நிம்மதியாக இருந்தாரா என்பதெல்லாம் யூஎக்ஸ். ஒரு பொருள் பயன்படுத்தத் தக்கதா என்பதற்கு ஐஎஸ்ஓ 9241 தர வரிசை மூன்று அளவுகோல்கள் வைத்திருக்கிறது: வேலை சரியாக முடிந்ததா, எவ்வளவு சிரமத்தில் முடிந்தது, மனநிறைவு இருந்ததா. வரையறைக்கு இவ்வளவு போதும். வேலைக்கு வருவோம்.

கீழே சொல்வதை வெறுமனே படிக்காமல் ஒரு சின்ன ப்ராஜெக்டை எடுத்துக் கூடவே செய்யுங்கள். எடுத்துக்காட்டுக்கு நான் மருத்துவரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் ஒரு ஆப்பை எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு வேறு பிடித்தால் அதையே எடுங்கள். ஆனால் ஒன்று, 'முழு ஆப்' என்று தொடங்காதீர்கள். ஒரே ஒரு வேலையை எடுங்கள்: உடம்பு சரியில்லாத ஒருவர் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குவது. அது போதும்.

முதல் படி: ஆட்களிடம் பேசுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஃபிக்மா என்ற ஸ்க்ரீன் வரையும் மென்பொருளைத் திறந்துதான் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அதை மூடி வையுங்கள். ஒரு வாரம் கழித்துத் திறக்கலாம்.

அண்மையில் டாக்டரிடம் நேரம் வாங்கிய ஐந்தாறு பேரைத் தேடுங்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் போதும். கேள்வி எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'இப்படி ஒரு ஆப் இருந்தால் பயன்படுத்துவீர்களா?' என்று கேட்டால் எல்லோரும் 'ஆமாம், நல்லா இருக்கும்' என்பார்கள். உங்கள் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சொல்வது அது. வருங்காலத்தைப் பற்றி மனிதர்கள் சொல்லும் வாக்குறுதியை நம்பி டிசைன் செய்ய முடியாது. நடந்ததைக் கேளுங்கள்.

'கடைசியாக நீங்கள் டாக்டரைப் பார்க்கப் போனது எப்போது? அன்றைக்குக் காலையிலிருந்து என்ன நடந்தது, சொல்லுங்களேன்.'

இப்படிக் கேட்டால் கதை வரும். கதைக்குள்தான் விஷயம் இருக்கும். 'போன் பண்ணேன், லைன் கிடைக்கல. அப்புறம் நேராவே போய்ட்டேன்' என்று ஒருவர் சொல்கிறார். அங்கே நிறுத்துங்கள். 'லைன் கிடைக்காதபோது என்ன செய்தீர்கள்? எத்தனை முறை முயன்றீர்கள்? யாரிடமாவது கேட்டீர்களா?' என்று தோண்டுங்கள். 'அம்மாவுக்குத்தான் பார்க்க வேண்டியிருந்தது, நான்தான் பதிவு செய்தேன்' என்று இன்னொருவர் சொல்லலாம். இந்த ஒரு வரி உங்கள் டிசைனையே மாற்றிவிடும்: பதிவு செய்கிறவரும் நோயாளியும் ஒரே ஆள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள் இல்லையா?

முடிந்தால் பேசுவதோடு நிற்காமல், அவர்கள் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இப்போது பயன்படுத்தும் ஆப்பையோ இணையதளத்தையோ திறக்கச் சொல்லுங்கள். சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளி உங்களுக்கே தெரியும். 'இதெல்லாம் எனக்கு ஈசிதான்' என்று சொல்லிக்கொண்டே ஒருவர் ஓடிபி வந்த குறுஞ்செய்தியைத் தேடி மூன்று முறை முன்னும் பின்னும் போவார். குறிப்பெடுக்கும்போது இடப்பக்கம் சொன்னதையும், வலப்பக்கம் செய்ததையும் எழுதுங்கள். உங்கள் கருத்தை இரண்டிலும் கலக்காதீர்கள். அதற்குத் தனியாக ஒரு பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

பேச்சை ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். உடல்நலம், பணம் போன்ற விஷயங்களில் பெயரை நீக்கிவிட்டுக் குறிப்பு வையுங்கள். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. தன் விவரம் வெளியே போகாது என்று தெரிந்தால்தான் ஆள் மனம் திறந்து பேசுவார்.

இரண்டாம் படி: சிக்கலை ஒரு வரியில் எழுதுங்கள்

ஐந்தாறு பேரின் குறிப்புகளையும் சின்னத் தாள்களில், ஒரு தாளுக்கு ஒரு விஷயம் என்று எழுதி மேஜையில் பரப்புங்கள். ஒன்றோடொன்று சேர்வதைச் சேர்த்து வையுங்கள். தலைப்பை முதலிலேயே முடிவு செய்துவிட்டுத் தாள்களை அதற்குள் திணிக்காதீர்கள். கும்பல் தானாக உருவான பிறகு பெயர் வையுங்கள். 'நேரம் கிடைத்ததா இல்லையா என்று உறுதியாகத் தெரியாத தவிப்பு' என்பது போன்ற ஒரு தலைப்பு கிடைத்தால் நல்ல இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

அதிலிருந்து ஒரே வரி: 'குடும்பத்தில் ஒருவருக்காக அவசரமாக நேரம் தேடுகிறவர், இன்றைக்கு டாக்டரைப் பார்க்க முடியுமா முடியாதா என்பதை ஒரு நிமிடத்துக்குள் உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.' இதில் பட்டன் இல்லை, ஸ்க்ரீன் இல்லை, தீர்வே இல்லை என்பதைக் கவனியுங்கள். சிக்கலை எழுதும் வரியில் தீர்வு நுழைந்துவிட்டால் மற்ற வழிகள் எல்லாம் அடைபட்டுவிடும்.

பர்சோனா என்று ஒன்று, அதாவது ஒரு மாதிரிப் பயனரின் சித்திரம், செய்யச் சொல்லிப் பல பாடத்திட்டங்கள் வற்புறுத்தும். கற்பனைப் பெயர், புன்னகைக்கும் படம், 'காபி பிடிக்கும்' என்கிற விவரம் எல்லாம் வைத்து அழகாகச் செய்கிறார்கள். அவற்றால் ஒரு முடிவும் மாறுவதில்லை. யாருக்காகப் பதிவு செய்கிறார், எந்தச் சூழலில் இருக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், இப்போது எப்படிச் சமாளிக்கிறார் என்ற நான்கும், நீங்கள் பேசிய ஆட்களிடமிருந்து வந்ததாக இருந்தால் போதும்.

மூன்றாம் படி: வரையும் முன் உரையாடலாக எழுதுங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மிகப் பிடித்தது. ஆப் இருக்கும் இடத்தில் பொறுமையான, வேலை தெரிந்த ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரும் வந்தவரும் என்ன பேசிக்கொள்வார்கள்?

'பொண்ணுக்குக் காய்ச்சல். இன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும்.'
'மாலை 5:20-க்கும் 6:10-க்கும் இடம் இருக்கிறது. எது வசதி?'
'6:10.'
'சரி. குழந்தையின் பெயரும் வயதும் சொல்லுங்கள்.'
சொல்கிறார்.
'உங்கள் போன் எண்? நேரம் தள்ளிப்போனால் தகவல் சொல்வோம்.'
'…'
'பதிவாகிவிட்டது. 6:10. பத்து நிமிடம் முன்னால் வந்தால் போதும்.'

இப்போது இதை வழக்கமான ஆப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். வழக்கமான ஆப் முதலில் கணக்கு தொடங்கச் சொல்லும், பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், இருப்பிட அனுமதி கேட்கும், அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்கும். அப்புறம்தான் நேரம் இருக்கிறதா என்றே சொல்லும். இடமே இல்லை என்றால் அத்தனை உழைப்பும் வீண். உரையாடலாக எழுதும்போது இந்த முறைகேடு உடனே உறைக்கும், ஏனென்றால் எந்த மனிதரும் இப்படிப் பேச மாட்டார். எந்தத் தகவலை எப்போது கேட்பது என்ற வரிசையும் உரையாடலில் இருந்தே கிடைத்துவிடுகிறது.

அதே தாளில் கீழே ஒரு கோடு போட்டு, வழி தவறும் இடங்களை எழுதுங்கள். இன்றைக்கு ஒரு இடமும் இல்லை. 6:10-ஐ இவர் தட்டும் நொடியில் வேறொருவர் எடுத்துவிட்டார். இடையில் நெட் போய்விட்டது. போன் எண்ணில் ஒரு இலக்கம் குறைகிறது. டாக்டர் திடீரென்று வரவில்லை. பதிவு செய்தவர் மனம் மாறுகிறார். நல்ல டிசைனுக்கும் சுமாரான டிசைனுக்கும் உள்ள தூரம் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது.

நான்காம் படி: எது எங்கே இருக்கும்

ஆப்பில் பகுதிகள் பல இருந்தால் மெனுவின் பெயர்களையும் தொகுப்பையும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கார்டு சார்ட்டிங் என்ற எளிய முறை உண்டு. ஒவ்வொரு விஷயத்தையும் ஒரு அட்டையில் எழுதிப் பயனர்களிடம் கொடுத்து, 'உங்களுக்குத் தோன்றுகிறபடி அடுக்குங்கள், ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பெயர் சொல்லுங்கள்' என்று கேட்பது. அவர்கள் சொல்லும் பெயரையே மெனுவில் வையுங்கள்.

மெனுவில் ஏழு உருப்படிகளுக்கு மேல் கூடாது என்று ஒரு விதியைப் பல இடங்களில் கேள்விப்படுவீர்கள். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து பிறந்த தவறான பாடம் அது. மனதில் எத்தனை விஷயங்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள முடியும் என்பது பற்றி அவர் எழுதினார். மெனு கண் முன்னே இருக்கிறது, யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, பெயர்கள் தெளிவாக இருக்கின்றனவா, ஒன்றோடொன்று குழம்புகின்றனவா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: தாளில் வரையுங்கள், பிறகு ஸ்க்ரீனில்

வெள்ளைத் தாளை எட்டாக மடித்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஸ்க்ரீனின் வெவ்வேறு வடிவங்களை வேகமாகக் கிறுக்குங்கள். முதலில் வரும் இரண்டு மூன்று எல்லோருக்கும் வருவதாக இருக்கும். அதைத் தாண்டினால்தான் உங்கள் யோசனை தொடங்கும். கை ஓவியம் மோசமாக இருந்தால் இன்னும் நல்லது, தூக்கிப் போட மனம் வலிக்காது.

பிறகு வயர்ஃப்ரேம்: நிறம் இல்லாமல், கட்டமும் உண்மையான சொற்களும் மட்டும். 'இங்கே தலைப்பு வரும்' என்று எழுதாதீர்கள், வரப்போகும் தலைப்பையே எழுதுங்கள். ஃபிக்மா பரவலாகப் பயன்படுகிறது. பென்பாட் என்ற திறமூல மென்பொருளும் இருக்கிறது. எதுவானாலும் சரி.

ஒவ்வொரு ஸ்க்ரீனுக்கும் குறைந்தது நான்கு நிலைகளை வரையுங்கள்: எல்லாம் சரியாக இருக்கும் நிலை, தகவல் எதுவுமே இல்லாத வெற்று நிலை, தகவல் ஏறிக்கொண்டிருக்கும் (லோடிங்) நிலை, பிழை நேர்ந்த நிலை. தொடங்குகிறவர்களின் டிசைன்களில் எல்லாருடைய பெயரும் அளவாக இருக்கும், எல்லாப் படமும் அழகாக இருக்கும், நெட் ஒருபோதும் போகாது. மிக நீளமான பெயரைப் போட்டுப் பாருங்கள். எழுத்தளவை இரு மடங்காக்கிப் பாருங்கள். தமிழில் இடைமுகம் செய்வதாக இருந்தால் தமிழ்ச் சொற்களையே போட்டு வரையுங்கள். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடியும் பட்டன் தமிழில் இரு மடங்கு அகலம் கேட்கலாம். மேலும் கீழும் நீளும் உயிர்மெய்க் குறிகளுக்கு வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும், இல்லையென்றால் கொம்பும் சுழியும் வெட்டுப்படும்.

ஆறாம் படி: ஸ்க்ரீனின் அடிப்படைக் கணக்குகள்

நிறம், எழுத்துரு, அழகு எல்லாம் ரசனை என்று நினைக்கலாம். அதில் ஒரு பகுதி நேரடியான கணக்கு.

மேலே சொன்ன பால் ஃபிட்ஸ் 1954-ல் ஒரு விதியைத் தந்தார்: ஒரு இலக்கைத் தொட ஆகும் நேரம், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. போன் ஸ்க்ரீனுக்கு இது அப்படியே பொருந்தும். முக்கியமான பட்டன் பெரிதாக, கட்டைவிரல் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஆப்பிளின் வழிகாட்டி தொடும் பரப்பு 44 பாயிண்டுக்குக் குறையக்கூடாது என்கிறது. ஆண்ட்ராய்டுக்கான கூகுளின் வழிகாட்டி 48 டிபி என்கிறது. பாயிண்டு, டிபி இரண்டும் ஸ்க்ரீனில் அளக்கும் அலகுகள். பட்டனின் ஐகான் சின்னதாக இருக்கலாம், அதைச் சுற்றித் தொடத்தக்க இடம் இந்த அளவுக்கு இருக்கட்டும். இதையே திருப்பியும் பயன்படுத்தலாம்: 'பதிவை ரத்து செய்' என்பது 'சரி' பட்டனை ஒட்டியே இருக்கக்கூடாது. பி-17 விமானத்தின் இரண்டு சுவிட்சுகளும் அப்படித்தான் ஒட்டியிருந்தன.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டுக்கு டபிள்யூசிஏஜி என்ற அணுகுதன்மை நெறிமுறை ஒரு வரம்பு வைத்திருக்கிறது: சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் நிறம் இந்த வரம்பை மயிரிழையில் தாண்டும். அதைவிட வெளிறிய சாம்பலில் எழுதினால் பார்வை குறைந்தவர்களுக்கு மட்டுமல்ல, வெயிலில் நின்று போன் பார்க்கும் எவருக்கும் தெரியாது. நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லவும் கூடாது. ஆண்களில் கணிசமானவர்களுக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. சிவப்புக் கட்டத்தோடு ஒரு குறியும் ஒரு சொல்லும் சேர்த்து வையுங்கள்.

வேகம் பற்றி யூஎக்ஸ் ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 1993-ல் தொகுத்துச் சொன்ன மூன்று எல்லைகள் இன்றைக்கும் பயன்படும். 0.1 நொடிக்குள் பதில் வந்தால் தானே நேரடியாகச் செய்தது போல இருக்கும். 1 நொடி வரை சிந்தனை அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். ஆகவே தட்டிய உடனே பட்டன் தட்டப்பட்டது போலத் தெரிய வேண்டும். ஒரு நொடிக்கு மேல் ஆகும் வேலைக்கு ஏதோ நடக்கிறது என்ற அடையாளம் வேண்டும். ரொம்ப நேரம் ஆகும் என்றால் எவ்வளவு முடிந்தது என்று காட்ட வேண்டும்.

ஃபார்ம்களில்தான் மக்கள் அதிகம் துன்பப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். எதைக் கேட்கிறீர்கள் என்ற பெயரைக் கட்டத்துக்கு மேலே எழுதுங்கள். கட்டத்துக்குள் மங்கலாக எழுதினால் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். போன் எண் கேட்கும் இடத்தில் எண் விசைப்பலகை வரட்டும். இடைவெளி விட்டு எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். இடைவெளியை நீக்குவது கணினிக்கு ஒரு நொடி வேலை. பாஸ்வேர்டை ஒட்டுவதைத் தடுக்காதீர்கள். 2023 அக்டோபரில் வெளிவந்த டபிள்யூசிஏஜி 2.2, உள்நுழைய மனப்பாடத்தை மட்டும் நம்பியிருக்கச் செய்யாதீர்கள் என்று சொல்கிறது. ஒரு பிழைக்காக நிரப்பிய எல்லாவற்றையும் அழித்துவிடும் ஃபார்மைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை.

பிழைச் செய்தி எழுதுவது டிசைனரின் வேலை, கடைசி நேரத்தில் யாரோ நிரப்பும் வெற்றிடமாக அதை விடக்கூடாது. 'தவறான உள்ளீடு. மீண்டும் முயற்சிக்கவும்' என்பதை வாசிக்கிறவருக்கு என்ன தெரியும்? எதில் தவறு, எப்படிச் சரிசெய்வது, இதுவரை செய்ததெல்லாம் போய்விட்டதா, எதுவும் தெரியாது. அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: 'இந்த 6:10 நேரத்தை இப்போதுதான் வேறொருவர் எடுத்துவிட்டார். 6:30 காலியாக இருக்கிறது. அதைப் பதிவு செய்யலாமா?' என்ன நடந்தது, இனி என்ன செய்யலாம் என்ற இரண்டும் இருக்கிறது. யார் மேலும் பழி இல்லை.

செய்ததைத் திரும்பப் பெறும் வழியும் முதலிலேயே இருக்க வேண்டும். 2018 ஜனவரி 13 அன்று ஹவாய் மக்களின் போன்களுக்கு ஏவுகணை வருவதாக ஒரு தவறான எச்சரிக்கை போனது. அது தவறு என்ற மறுப்பு மக்களின் போன்களுக்கு வர 38 நிமிடம் ஆனது. எச்சரிக்கை அனுப்ப எல்லாம் தயாராக இருந்தது, தவறாகப் போனதை மறுத்துச் செய்தி அனுப்ப முன்கூட்டியே தயார்செய்து வைத்த ஏற்பாடு இல்லை. தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் ஆப்பில் இவ்வளவு பெரிய விஷயம் இருக்காது. ஆனாலும் ஒவ்வொரு பட்டனுக்கும் 'தெரியாமல் தட்டிவிட்டால் எப்படி மீள்வது?' என்று கேட்டுப் பாருங்கள். 'நிச்சயமா?' என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பது தீர்வாகாது. நாலாவது முறை யாரும் படிக்காமல் 'ஆம்' தட்டிவிடுவார்கள். செய்துவிட்டு, சில நொடிகளுக்கு 'வேண்டாம், திரும்ப எடு' என்ற வாய்ப்பைக் கொடுப்பது பெரும்பாலும் மேல்.

ஏழாம் படி: கண்ணெதிரே சோதியுங்கள்

வயர்ஃப்ரேம்களை இணைத்துத் தட்டினால் நகரும்படி புரோட்டோடைப் (சோதனை மாதிரி) செய்யுங்கள். தாளில் வரைந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக் காட்டினாலும் சோதிக்க முடியும்.

எத்தனை பேர்? நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-ல் தந்த கணக்குப்படி, ஒரு பயனர் சராசரியாக 31% சிக்கல்களை வெளிக்கொண்டுவருவார் என்று வைத்தால், ஐந்து பேரில் ஏறத்தாழ 85% வந்துவிடும். இந்தக் கணக்கை வேதவாக்காக எடுக்காதீர்கள். பெரிய ஆப்பிலும், மிகவும் வேறுபட்ட பயனர் கூட்டங்களிலும் அந்தச் சராசரி குறையும். ஆனால் ஐந்து பேரை வைத்துச் சோதித்து, திருத்தி, மறுபடி ஐந்து பேரிடம் காட்டுவது, பதினைந்து பேரை ஒரே தடவையில் உட்கார வைப்பதைவிட நிச்சயம் நல்லது.

கொடுக்கும் வேலையின் சொற்களில் விடை இருக்கக்கூடாது. 'பதிவை மாற்று என்ற பட்டனைத் தட்டுங்கள்' என்றால் அவர் அந்தச் சொல்லைத் தேடித் தட்டிவிடுவார், நீங்கள் எதையும் கற்கவில்லை. 'வியாழக்கிழமை உங்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது. டாக்டரை வெள்ளிக்கிழமை பார்த்தால் போதும். என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள்.

தொடங்கும் முன் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் உண்டு: 'அம்மா, நாங்கள் சோதிப்பது இந்த ஆப்பை. எங்கேயாவது புரியவில்லை என்றால் அது எங்கள் குறை, அதைத் தெரிந்துகொள்ளத்தான் உங்களைக் கூப்பிட்டோம். மனதில் தோன்றுவதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.' இதைச் சொன்னதும் பலருக்குத் தோள் தளர்வதைப் பார்க்கலாம்.

அப்புறம் நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இது சொல்ல எளிது, செய்யக் கடினம். நீங்கள் வரைந்த பட்டன் கண் முன்னே இருக்கும்போது ஒருவர் அதைத் தவிர எல்லா இடத்திலும் தேடுவார். உங்கள் விரல் துடிக்கும். சுட்டாதீர்கள். 'இதைத் தட்டினால் என்ன ஆகும்?' என்று அவர் கேட்டால், 'என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?' என்று திருப்பிக் கேளுங்கள். அவர் எதிர்பார்ப்பது என்ன என்பது உங்களுக்குக் கிடைக்கும் மிக மதிப்புள்ள தகவல். முழுதாகச் சிக்கிக்கொண்டு மனம் சோர்ந்தால் மட்டும் உதவுங்கள், அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிந்தபின் 'பிடித்ததா?' என்று கேட்டு வரும் புகழ்ச்சியைக் குறிப்பில் சேர்க்காதீர்கள். மூன்றுமுறை தடுமாறிவிட்டு 'ரொம்ப நல்லா இருக்கு' என்று சொல்வது சாதாரணமாக நடக்கும். தடுமாற்றத்தை நம்புங்கள். எண்ணாக ஒரு மதிப்பெண் வேண்டுமென்றால் ஜான் புரூக் 1986-ல் உருவாக்கிய எஸ்யூஎஸ் என்ற பத்துக் கேள்விப் பட்டியலைப் பயன்படுத்தலாம். 100-க்குக் கணக்கிடுவார்கள், பொதுவாக 68 சராசரி என்று கொள்ளப்படுகிறது. அது சதவீதம் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கண்ட சிக்கல்களை எல்லாம் ஒரே நாளில் திருத்த முடியாது. வேலையையே நிறுத்திவிட்டவை முதலில், தாமதப்படுத்தியவை அடுத்து, கண்ணை உறுத்தியவை கடைசியில். திருத்தியதை மறுபடி சோதியுங்கள். ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று கெடுவது இந்த வேலையில் சகஜம்.

ஏமாற்றும் டிசைன் பற்றி

வேலைக்குச் சேர்ந்தபின் உங்களிடம் கேட்கப்படக்கூடிய ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். சந்தாவை நிறுத்தும் வழியை ஒளித்து வைப்பது, கேட்காத சேவையை முன்கூட்டியே டிக் செய்து வைப்பது, 'இன்னும் ஒரே ஒரு இடம்தான்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது. ஹாரி பிரிக்னல் என்ற யூஎக்ஸ் டிசைனர் 2010-ல் இவற்றுக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர் வைத்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் இணையத் தளங்கள் பயனரை இப்படி ஏமாற்றும் வகையில் இடைமுகம் அமைப்பதைத் தடை செய்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் இதைச் செய்யாதீர்கள். நேரம் வாங்க எத்தனை தட்டல் ஆகிறதோ, ரத்து செய்யவும் அதே அளவில் முடிய வேண்டும். இப்படிக் கேட்கும்போது 'ஏமாந்தவர்களின் புகார் அழைப்புகள் எத்தனை வரும், எத்தனை பேர் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்' என்று எண்களோடு பேசினால் பெரும்பாலும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

எட்டாம் படி: டெவலப்பரிடம் கொடுப்பது, அதன்பின்

டெவலப்பரை முடிவில் மட்டும் சந்திக்காதீர்கள். உரையாடலாக எழுதிய தாளையே அவரிடம் காட்டுங்கள். எது எளிது, எதற்கு மூன்று வாரம் ஆகும் என்று அப்போதே சொல்லிவிடுவார். கொடுக்கும் கோப்பில் நான்கு நிலைகளும் இருக்கட்டும், பிழைச் செய்திகளின் சொற்கள் முழுமையாக இருக்கட்டும், 'இங்கே தட்டினால் இது நடக்கும்' என்ற குறிப்பு இருக்கட்டும். திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒவ்வொரு பட்டனையும் என்னவென்று சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். பிறகு போனில் அந்த வசதியை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பதிவை முடிக்க முயன்று பாருங்கள்.

வெளியிட்டபின் இரண்டே எண்களைத் தொடர்ந்து பாருங்கள்: தொடங்கியவர்களில் எத்தனை பேர் பதிவை முடித்தார்கள், எந்த ஸ்க்ரீனில் அதிகமானவர்கள் வெளியேறினார்கள். எங்கே வெளியேறினார்கள் என்பதை எண் சொல்லும். ஏன் என்பதற்கு மறுபடி ஆட்களிடம் போக வேண்டும்.

வேலை தேடுவதற்கான போர்ட்ஃபோலியோவில் இந்த ஒரு ப்ராஜெக்டையே கேஸ் ஸ்டடியாக எழுதுங்கள். முடிந்த ஸ்க்ரீன்களின் அழகான படங்களை எல்லோரும் வைத்திருப்பார்கள். நீங்கள் பேசிய ஆள் சொன்ன ஒரு வரி, அதனால் மாறிய உங்கள் முடிவு, சோதனையில் ஒருவர் சிக்கிய ஸ்க்ரீனின் பழைய படம், திருத்திய புதிய படம், கைவிட்ட ஒரு யோசனையும் அதைக் கைவிட்ட காரணமும் வையுங்கள். நேர்காணலில் கேள்விகள் பெரும்பாலும் அந்தப் பழைய படத்தைச் சுற்றியே வரும். ஆகவே தாள்களையும் முதல் கிறுக்கல்களையும் தூக்கிப் போடாமல் அன்றன்றே போட்டோ எடுத்து, தேதியிட்டு ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.